ஈசானிய மூலையில் ஒரு எலுமிச்சம்பழம்

எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, தாம்பாளத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் தவறி ஹாலில் விழுந்தது. விழுந்த இடத்தில் அது நிற்கவில்லை. ஜமுக்காளத்தின் ஓரத்தில் சற்றுத் தயங்கி, உட்கார்ந்திருந்த பெண்களைச் சுற்றிக்கொண்டு, வடகிழக்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

சாம்பிராணிப் புகையும் ஈரச் சிமெண்டு வாசனையுமாக இருந்த அந்த ஹாலில் பேச்சு ஒரு நிமிடம் நின்றுவிட்டது. எங்கள் வீட்டு வசதி சங்கத்தின் தலைவர் ராமையா சார் எழுந்து போய்ப் பழத்தை எடுத்தார். வேட்டியில் துடைத்து எல்லோருக்கும் காட்டினார்.

"ஓவர்சியர் என்னதான் தெற்கு வாசல் வச்சாலும், பூமி ஈசானியத்தைத்தான் காட்டுது பாத்தீங்களா" என்றார்.

அவர் சொன்ன ஓவர்சியர், அவரோடு இரண்டு வருடம் மல்லுக்கு நின்றவன், நான்தான். அன்று எழுந்து நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பாயசம் அடிப்பிடிக்கிறதா என்று பார்க்கப் போவதுபோல அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். அந்தப் பழம் ஏன் உருண்டது என்பது எனக்கும் கொத்தனார் ஒச்சுவுக்கும் மட்டும் தெரியும்.

இதை எழுதலாமா என்று என் மனைவி புஷ்பத்திடம் கேட்டேன். "இப்பவாச்சும் எழுதுங்க" என்றாள்.

மழையோடு நடந்த நாள்

எழுபதுகளின் கடைசி. சமயநல்லூர் போகிற வழியில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், சோளமும் பருத்தியும் விளைந்த ஒரு மேட்டு நிலத்தை எங்கள் சங்கம் வாங்கியது. எண்பது மனை போடலாம். அரசாங்க அலுவலகம் ஒன்றில் நான் ஓவர்சியர். நானும் உறுப்பினன் என்பதால் மனைப்பிரிவு வரைபடத்தை என் தலையில் கட்டினார்கள். ஆசையோடுதான் ஏற்றுக்கொண்டேன்.

கருவி வைத்து அளப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல மழை பெய்கிற நாளில் நிலத்துக்குப் போய்விடுவேன். கக்கத்தில் ஒரு கட்டு முளைக்குச்சி. தண்ணீர் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியாகவே நானும் நடந்து, பத்தடிக்கு ஒரு குச்சி அடித்துக்கொண்டே போவேன். மறுநாள் வெயில் வந்ததும் குச்சிகளைச் சேர்த்துச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுவிடுவேன். அலுவலகத்தில் இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது.

அன்றைக்குத் தண்ணீர் எனக்குத் தெளிவாகச் சொன்னது. வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நிலம் சரிகிறது. மொத்தச் சரிவே ஒன்றரை அடிதான், கண்ணால் பார்த்தால் தெரியாது. தென்மேற்கு ஓரத்தில் பழைய ஓடை ஒன்று கருவேல மரங்களுக்கு நடுவே வைகையைப் பார்த்து இறங்குகிறது.

தெருக்களை அந்தச் சரிவோடு சரிவாகப் போட்டேன். ஓடையை ஒட்டி ஒரு மனைகூட வைக்கவில்லை. ஓடை என்று எழுதினால் அதை மூடி மனை போடச் சொல்வார்கள் என்று தெரியும். அதனால் வரைபடத்தில் 'பூங்கா' என்று எழுதி நாலு மரமும் வரைந்துவிட்டேன்.

வரைபடத்தின் மேல் ஒரு திசைகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் சங்கக் கூட்டம். மேஜையில் என் வரைபடத்தை விரித்தேன். ராமையா சார் சட்டைப் பையிலிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்து அதன் நடுவில் வைத்தார். முள் ஆடி அடங்கும்வரை எல்லோரும் அதையே பார்த்தார்கள். வரைந்தவனாகிய நானே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

மொத்தக் காலனியையும் ஒரே வீடாகப் பார்க்க வேண்டுமாம். வீடு என்றால் தென்மேற்கான கன்னி மூலை உயர்ந்திருக்க வேண்டும், வடகிழக்கான ஈசானியம் தாழ்ந்திருக்க வேண்டும், தண்ணீர் ஈசானியத்துக்குத்தான் போக வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறது, மண்ணடித்துச் சரிசெய்ய வேண்டும் என்றார்.

ராமையா சார் முப்பது வருடம் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சார், ஆறு எப்படி ஓடுதுன்னு எம்புட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்திருக்கீங்க" என்றேன்.

"அது பாடம் தம்பி. இது குடியிருக்கிற எடம்" என்றார்.

வகுப்பறை முழுக்கத் தலையை ஆட்டியது. வங்கிக் குமாஸ்தா, மில் சூப்பர்வைசர், கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவர், எல்லோரும்தான். பௌதிகக்காரர் வெளியே வந்து என் தோளைத் தொட்டு, நான் சொல்வதுதான் சரி என்றும், ஆனால் தன் மாமனார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றும் ரகசியமாகச் சொன்னார்.

வரைபடம் போட்டவன் என்ற மரியாதைக்கு, மனையை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை எனக்குத் தந்தார்கள். நான் வடகிழக்குக் கடைசி மனையை எடுத்தேன். நிலத்திலேயே அதுதான் மேடு. தலைவர் தென்மேற்கு மூலை மனையை எடுத்தார். நான் சரிவைப் பார்த்தேன், அவர் திசையைப் பார்த்தார்.

கட்டிலுக்குக் கீழே ஒரு கை

மேட்டு மனைதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் புஷ்பம்.

அவள் செல்லூரில் ஒரு சந்துக்குள் பிறந்து வளர்ந்தவள். அவர்கள் வீட்டு நிலைப்படி தெருவை விட ஒரு சாண் தாழ்வு. ஐப்பசி பிறந்தால் தெருத் தண்ணீர் முழுக்க உள்ளே வரும். பக்கத்து வீட்டுத் தறிக்குழி நிரம்பி, அந்தத் தண்ணீரும் சுவரில் கசியும். அரிசிப் பானையும் பள்ளிப் புத்தகங்களும் ஏறிய பிறகுதான் கட்டிலில் பிள்ளைகளுக்கு இடம்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுத் தூங்கப் பழகியவர்கள். விரலில் ஈரம் பட்டால் எழுந்து எல்லோரையும் எழுப்ப வேண்டும். கல்யாணமாகி என்னோடு பசுமலையில் மாடி வீட்டில் குடியிருந்தபோதும் புஷ்பத்தின் கை அப்படித்தான் தொங்கும். மாடிக்கு எப்படித் தண்ணீர் வரும் என்று சிரித்திருக்கிறேன். அது எனக்கும் தெரியும், கைக்குத் தெரியவில்லை என்பாள்.

தண்ணீர் வராத வீடு ஒன்று கட்டித் தருகிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். பட்டுப் புடவையோ நகையோ அவள் கேட்டதே இல்லை. கேட்டது அது ஒன்றுதான்.

அந்த மனைக்கு நான் பார்த்துப் பார்த்துத்தான் வீடு வரைந்தேன். காற்று வருகிற தெற்கில் வாசல். மேற்குச் சுவரில் சன்னலே கிடையாது. அந்தப் பக்கம் ஏற்கெனவே நின்ற வேப்பமரத்தை வெட்டாமல், அதன் நிழல் சுவரில் விழுகிறபடி வீட்டை நகர்த்தினேன். பேஸ்மட்டம், அதாவது தரையிலிருந்து வீட்டுத் தளம் வரைக்கும் உள்ள உயரம், ஒன்றரை அடி. அந்த மேட்டுக்கு அதுவே தாராளம்.

வேலை நடக்கும்போது ஒரு நாள் மாலை ராமையா சார் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். புஷ்பம் அப்போது நாலு மாதம். அதற்கு முன்னால் இரண்டு முறை எங்களுக்குத் தங்கவில்லை, அது அவருக்கும் தெரியும். என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"தம்பி, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கன்னி மூலை தாழ்ந்த வீட்டுல பொம்பளைக்குப் புள்ள தங்காதும்பாங்க."

படித்தவர் பேசுகிற பேச்சா இது என்று கத்திவிட்டேன். சித்தாள்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அளக்கிற டேப்பைச் சுருட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து, நடந்ததைப் புஷ்பத்திடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

கிராவல் லாரிகள்

நாங்கள்தான் அங்கே முதல் குடி. வேப்பங்காற்றும் ரயில் சத்தமுமாக நன்றாகவே இருந்தது. எங்கள் மகள் மீனா அந்த வீட்டில்தான் பிறந்தாள். ஒரு வருடத்துக்குள் புஷ்பத்தின் கை கட்டிலுக்கு மேலே வந்துவிட்டது. நான் அதைக் கவனித்தேன், அவளிடம் சொல்லவில்லை.

அப்புறம் லாரிகள் வர ஆரம்பித்தன.

இரண்டாவது வீட்டுக்காரர் என் வீட்டை விட அரை அடி உயர்த்தினார். மூன்றாமவர் அவரை விட அரை அடி. பக்கத்து வீட்டை விடத் தாழ்ந்திருந்தால் குடும்பமே தாழ்ந்துபோகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கடைசியாகக் கட்டியவர் வீட்டுக்கு ஏழு படி. அவருடைய மாமியார் அந்தப் படியில் ஏற முடியாமல் மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். சைக்கிளை உள்ளே ஏற்ற ஒரு ஆள் முன்னால் இழுக்க, ஒரு ஆள் பின்னால் தள்ள வேண்டும்.

இது போதாதென்று, ஒவ்வொருவரும் தன் மனையின் தென்மேற்கு மூலையில் கிராவலைக் கொட்டி, தண்ணீரை வடகிழக்குப் பக்கமாகத் தள்ளிவிட்டார்கள். படுக்கையறையும் எல்லோருக்கும் கன்னி மூலையில்தான். மாலை வெயில் முழுவதையும் வாங்கிக்கொள்கிற மூலை அது. சித்திரை மாதம் அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது. காலனியே பாய் தலையணையோடு மொட்டை மாடிக்கு ஏறும். அங்கிருந்து என் வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு, கொசு வரும், வெட்டிவிடுங்கள் என்று எனக்கு யோசனை சொல்வார்கள்.

கடைசியில் சங்கமே தெருவுக்கும் கிராவல் அடித்தது. தென்மேற்கில் மூன்றரை அடி, படிப்படியாகக் குறைந்து என் வீட்டு வாசலில் ஒன்றுமில்லை. நான் மட்டம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து அளந்து, தெருவின் சரிவு இப்போது தலைகீழாகிவிட்டது என்று கூட்டத்தில் அறிவித்தேன். எச்சரிக்கை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர்கள் கைதட்டினார்கள்.

நிலத்திலேயே மேடான என் மனை, எண்பது குடும்பங்களுக்கும் ஈசானிய மூலை ஆகிவிட்டது.

நாமும் உயர்த்திக்கொண்டால் என்ன என்று புஷ்பம் ஒருமுறை கேட்டாள். கட்டிய வீட்டை எப்படி உயர்த்துவது என்று எரிந்து விழுந்தேன். உண்மையில் நான் சொன்னதுதான் சரி என்று மழை வந்து நிரூபிக்க வேண்டும் என்ற ஒரு கெட்ட ஆசையும் உள்ளே இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

யோகம்

நிரூபித்தது. ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. மூன்றாம் நாள் விடியும்போது கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன். கணுக்கால் வரை தண்ணீர். திரும்பிப் பார்த்தேன். புஷ்பம் மீனாவை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கை குழந்தையின் மேல் இருந்தது. அவளை எழுப்ப எனக்கு வாய் வரவில்லை.

எழுந்தவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிசி டின்னைக் கட்டில் மேல் ஏற்றினாள். எதை முதலில் எடுக்க வேண்டும், எதை அடுத்து எடுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

எட்டு மணி வாக்கில் ராமையா சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழந்தைக்கு ஒரு தூக்குவாளி பாலோடு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். நல்ல மனுஷர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாலைக் கொடுத்துவிட்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

"கஷ்டந்தான் தம்பி. ஆனா ஈசானியத்துல தண்ணி நிக்கிறது காலனிக்கே யோகம்" என்றார்.

நான் பதில் சொல்லியிருந்தால் பால் வாளியோடு சேர்த்து அவரையும் வெளியே அனுப்பியிருப்பேன்.

பத்து மணிக்கு மழை விட்டு, வாசல்படிக்கு வெளியே தண்ணீர் வடிய ஆரம்பித்தது. புஷ்பம் தென்னை விளக்குமாற்றை எடுத்து ஹால் தண்ணீரைத் தெற்கு வாசலை நோக்கித் தள்ளினாள். தள்ளிய தண்ணீர் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள், மறுபடி வந்தது.

"என்னங்க, தண்ணி வாசலுக்குப் போக மாட்டேங்குது. அந்த மூலைக்கே ஓடுது."

நான் சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

"எலுமிச்சம்பழம்" என்றாள் புஷ்பம்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ராமையா சாரிடம் கத்திவிட்டு வந்த மறுநாள், ஹாலுக்குத் தளம் போடும் நாள். காலையில் ஒச்சுவைத் தனியாகக் கூப்பிட்டு, கன்னி மூலை உயர்ந்து நிற்கும்படி வடகிழக்கு மூலையை ஒன்றரை அங்குலம் இறக்கிப் போடு என்று சொன்னேன். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னேன்.

"ரசமட்டம் வச்சுத்தானே தளம் போட்டீங்க?" என்றாள்.

"ரசமட்டம் வச்சுத்தான் சரிச்சோம்."

"அவரைத் திட்டிட்டு வந்தேன்னு சொன்னீங்களே."

"திட்டிட்டுத்தான் வந்தேன்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மீனா அரிசி டின்னைக் கையால் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். புஷ்பம் அவளை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"நானும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க சிரிச்சதைப் பார்த்துத்தான் தைரியமா இருந்தேன்."

எண்பது குடும்பங்கள் மேல் எனக்கிருந்த கோபம் அத்தனையும் அந்த நிமிடத்தில் என் பக்கம் திரும்பியது. மண்ணடித்தவர்கள் நம்பி அடித்தார்கள். நான் நம்பாமலேயே சரித்தேன்.

மேஜையில் ஒரு சாவி

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். மூன்று நாள் மழைக்கும் ஓடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை, ஆகவே பூங்கா வீண், அதையும் மனைகளாகப் பிரித்துவிடலாம் என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். தண்ணீர் ஏன் போகவில்லை என்று கேட்க எழுந்தேன். கோபத்தில் எனக்கு வார்த்தை குழறியது.

அந்தக் கூட்டங்களுக்குப் பெண்கள் வருவது வழக்கமில்லை. புஷ்பம் மீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். நேராக மேஜைக்கு வந்து, விரித்திருந்த வரைபடத்தின் மேல் எங்கள் வீட்டுச் சாவியை வைத்தாள்.

"ஈசானியத்துல தண்ணி நிக்கிறது யோகம்னு சார் சொன்னாங்க. அந்த யோகம் எங்க வீட்டுக்குள்ளதான் நிக்கிது. வேணுங்கிறவுக இன்னைக்கே மனையை மாத்திக்கிடலாம். கன்னி மூலை வீட்டுச் சாவியைக் குடுத்துட்டு இதை எடுத்துக்கிடுங்க."

யாரும் சாவியைத் தொடவில்லை. பௌதிகக்காரர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். ராமையா சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவர் கண் சாவியை விட்டு அகலவில்லை.

"சரி தம்பி" என்றார் கடைசியில். "வாய்க்கால் எங்கிட்டு வெட்டணும்னு காட்டுங்க."

பூங்காத் தீர்மானத்தை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. தெருவோரமாக, என் வீட்டிலிருந்து ஓடைவரை, போகப் போக ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்டினோம். அன்று சுண்ணாம்பில் நான் போட்ட கோட்டின் மேலேயே அது போனது. கார்த்திகை மழையில் ஓடை நிறையத் தண்ணீர் போனதை ராமையா சார் குடையோடு நின்று வெகுநேரம் பார்த்தார்.

எங்கள் ஹாலின் தரையைப் பற்றிப் புஷ்பம் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவள் சாவி வைத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. ஒச்சுவை வரச் சொல்லுங்கள் என்றாள்.

ஒச்சு இரண்டு நாளில் கடப்பாரையோடு வந்தார். அன்று இறக்கச் சொன்ன ஆளே இன்று ஏற்றச் சொல்கிறாரே என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இப்ப எங்கிட்டுண்ணே சரிக்கணும்?"

நான் ரசமட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். புஷ்பம்தான் பதில் சொன்னாள், வாசலுக்கு என்று.

கடப்பாரை ஈசானிய மூலையில் முதல் அடி விழ உயர்ந்தது. நான் எதையும் நம்புகிறவன் இல்லை, அன்றும் நம்பவில்லை. இருந்தும் ரசமட்டத்தை எங்கே போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. ஓடிப் போய், தரையில் உட்கார்ந்திருந்த மீனாவைத் தூக்கி மார்போடு இறுக்கிக்கொண்டேன்.